ஐயாயிரம் தாராளமாம்!

பெற்றோர் பிரிந்தபின் தகப்பன் பிள்ளைக்குத் தர வேண்டிய பராமரிப்புத் தொகை பற்றி நேற்று முன்தினம் இரவு நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் ஒரு பெரியவர் உதிர்த்த முத்தை இங்கே பலரும் பகிர்ந்துவிட்டீர்கள். ஆகவே அதை முழுவதுமாக எடுத்தெழுதி அவருக்கு இன்னும் விளம்பரம் தேடித்தர நான் விரும்பவில்லை. "ஏழு வயசுப் பிள்ளைக்கு மாசம் ஐயாயிரம் தாராளம், அதுக்கு மேல கேட்கறதெல்லாம் அம்மாவுக்குத்தான்" என்று அவர் சொன்னதைவிட, அதற்கு நெறியாளரும் சேர்ந்து சிரித்ததுதான் எனக்கு உறுத்துகிறது.

அவர் அந்த ஐயாயிரத்துக்கு எப்படி வந்தார் என்பதைக் கவனித்தீர்களா? தகப்பனின் சம்பளத்தை எடுத்துக்கொண்டார். வீட்டுக் கடன் தவணை, கார் தவணை, சீட்டுப் பணம், பெற்றோரின் மருந்துச் செலவு என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். கடைசியில் மிஞ்சியதில் ஒரு பங்கைப் பிள்ளைக்கு ஒதுக்கினார். பிள்ளையின் செலவிலிருந்து தொடங்க வேண்டிய கணக்கு தகப்பனின் மிச்சத்திலிருந்து தொடங்குகிறது. நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம், கல்வி ஆகிய அனைத்தும் பிள்ளையின் பராமரிப்பில் அடங்கும்; நியாயமான அளவில் தனிப்பயிற்சி வகுப்புக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும்; இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்; மனு போட்ட தேதியிலிருந்தே தொகை வழங்கப்பட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. தானாக வாங்கிக்கொண்ட கடனின் தவணையைக் காட்டிப் பிள்ளையின் பங்கைக் குறைக்க முடியாது, வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தங்களை மட்டுமே கழிக்கலாம் என்று உயர் நீதிமன்றங்களும் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் கார் தவணை மட்டும் ஒவ்வொரு விவாதத்துக்கும் தவறாமல் வந்துவிடுகிறது.

உடனே சிலர் "25 சதவீதம்தானே சட்டம்" என்று வருவார்கள். அப்படி ஒரு சட்டம் இல்லை. மனைவிக்குக் கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என்று 2017இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். அதே தீர்ப்பில், கணவர் மறுமணம் செய்து இன்னொரு குழந்தைக்கும் தகப்பனாகிவிட்டார் என்பதற்காக 23,000 ரூபாய் 20,000 ஆகக் குறைக்கப்பட்டதும் உண்மை. அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பிரிட்டனில் இதற்கு வாய்ப்பாடே வைத்திருக்கிறார்கள். அடிப்படை விகிதத்தில் ஒரு பிள்ளைக்கு மொத்த வருமானத்தில் 12 விழுக்காடு, இரண்டு பிள்ளைகளுக்கு 16. நம் ஊரில் அப்படி எதுவும் கிடையாது. நீதிபதி பார்த்து நிர்ணயிப்பதுதான். அதனால்தான் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்பது இங்கே இத்தனை முக்கியமாகிறது.

"அம்மாவும்தான் சம்பாதிக்கிறாளே?" ஆம், சம்பாதிக்கிறேன். இருவரும் சம்பாதித்தால் இருவரும் வருமானத்துக்கு ஏற்பச் சுமக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை. பத்மஜா சர்மா வழக்கில் 2000ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் தகப்பனுக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்தது. அப்படியே கணக்கிடுங்கள், சந்தோஷம். ஆனால் என் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பு எனக்குத்தான் வருகிறது. விடுப்பு தீர்ந்தபின் எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் என் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். என் வழக்கில் மகனின் தகப்பனுடைய பிடித்தங்கள் எல்லாம் சம்பளச் சீட்டில் வரிசையாக அச்சாகி நீதிமன்றத்துக்கு வந்தன. என்னுடையதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வக்கீலிடம் கேட்டேன். "அதையெல்லாம் கிளற வேண்டாம்மா" என்றார்.

குறுக்கு விசாரணையில் என் மகனின் மூக்குக் கண்ணாடி ரசீதை எதிர்த்தரப்பு வக்கீல் தூக்கிப் பிடித்து, ஒரே ஆண்டில் எதற்கு இரண்டு கண்ணாடி என்று கேட்டார். பள்ளி மைதானத்தில் பந்து விளையாடும் பையனின் கண்ணாடி உடையும் என்பதை நான் அந்தக் கூண்டில் நின்று விளக்க வேண்டியிருந்தது. அதே வழக்கில் தகப்பன் புதிதாக வாங்கிய கைபேசியைப் பற்றி எவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பொய்க் கணக்குக் காட்டும் பெண்களும் இருக்கிறார்கள் என்பீர்கள். இருக்கலாம். பிரமாணப் பத்திரம் அதற்காகத்தான் இருக்கிறது.

"பிள்ளையைக் காட்டுவதில்லை, பணம் மட்டும் இனிக்கிறதா?" என்று ஒரு நண்பர், நண்பர் என்றுதான் இன்னும் நினைக்கிறேன், உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். பார்க்கும் உரிமைக்குத் தனியாக மனு போடலாம். அது நிலுவையில் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளைக்குப் பசிக்காமல் இருக்காது. என் வழக்கில் அந்த உரிமையை யாரும் மறுக்கவே இல்லை. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமைகளில் குளித்துத் தலைவாரி வாசலில் உட்கார்ந்திருக்கும் பையனிடம், அப்பாவுக்கு அலுவலகத்தில் வேலை வந்துவிட்டது என்று சொல்லும் பொறுப்பும் எனக்குத்தான். தீபாவளிக்கு அவர் அனுப்பிய சட்டை இரண்டு வயது முன்பிருந்த அளவில் இருந்தது. பிள்ளையின் அளவே தெரியாதவர் பிள்ளையின் செலவு இவ்வளவுதான் என்று எப்படிச் சத்தியம் செய்கிறார்?

பராமரிப்புத் தொகைக்கு மத்தியச் சட்டமான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2001 வரை மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதை நினைத்தால் ஐயாயிரம் முன்னேற்றமாகத்தான் தோன்றும். வழக்கு முடியும்வரை தொகை கேட்கும் இடைக்கால மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் வாய்தாவுக்கு வாய்தா வந்து நிற்பவர்களுக்கு அந்தக் "கூடுமானவரை" எவ்வளவு நீளும் என்று தெரியும்.

உத்தரவு வாங்கிய பின்னும் பணம் வராமல் இருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்றைக் கவனியுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக இப்போது நடைமுறையில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவிலும், பழைய சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்தது போலவே, பாக்கித் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்ட் கிடைக்கும். "அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்ற பேச்சை நம்பி அந்தத் தேதியைக் கடத்திவிடாதீர்கள். அப்படிச் சொல்பவருக்கு அந்தத் தேதி நன்றாகவே தெரிந்திருக்கும்.