பிளாட்டினம் வெளுத்த தங்கம் அல்ல

பிளாட்டினம் என்பது தங்கத்தை வெளுக்கச் செய்து நகை வியாபாரிகள் அண்மையில் உருவாக்கிய கலவை என்றொரு செய்தி, தியாகராய நகரில் கல்யாண நகை வாங்கப் போகும் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறு.

பிளாட்டினம் ஒரு தனிமம். அதன் அணு எண் 78. இன்றைய ஈக்வடார், கொலம்பியா கடலோரத்தில் வாழ்ந்த பழங்குடிக் கைவினைஞர்கள், ஸ்பானியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1,768 டிகிரி செல்சியஸில் உருகும் இவ்வுலோகத்தை உருக்கும் அளவுக்கு உலைச்சூடு இல்லாத நிலையில், அதன் துகள்களைத் தங்கத்தோடு சேர்த்துச் சூடாக்கி, தட்டி இணைத்து அணிகலன் செய்தனர். வியக்கத்தக்க சாமர்த்தியம் அது. பின்னர் வந்த ஸ்பானியரோ, மணலிலிருந்து தங்கத்தை அரித்தெடுப்பதற்கு இடையூறாகவே இதைக் கருதினர். 1748இல் வெளியான, ஸ்பானியக் கடற்படை அதிகாரி அந்தோனியோ தெ உல்லோவாவின் பயணக் குறிப்பு ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தை இதன்பால் ஈர்த்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு நகை நிறுவனமான கார்ட்டியே வைர நகைகளில் இதைப் பெரிதும் பயன்படுத்தியது.

செய்தியை எழுதியவர் குழப்பிக்கொண்டது வெள்ளைத் தங்கத்தோடு. தங்கத்துடன் பல்லேடியமோ நிக்கலோ ஆகிய வெண்ணிற உலோகம் கலந்து, பெரும்பாலும் ரோடியம் என்ற மற்றொரு வெண்ணிற உலோகத்தால் முலாம் பூசப்படுவது அதுதான். அதுவும் பிளாட்டினத்துக்கு மாற்றாகவே சந்தைக்கு வந்தது என்பது வேடிக்கை. பிளாட்டின நகையில் 950 என்ற முத்திரை இருந்தால், ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம் என்று பொருள். 18 காரட் வெள்ளைத் தங்கத்தில் 750 என்றிருக்கும்; அதாவது ஆயிரத்தில் 750 பங்கு தங்கம்.