பணவீக்கம் இறங்கியது, விலை இறங்கவில்லை

"70 சதவீதத்தில் இருந்த பணவீக்கம் 1.3 சதவீதம் ஆயிற்று, அதனால் இலங்கையில் விலைகள் பழைய நிலைக்கு வந்துவிட்டன" என்பது தவறு. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்துக் கணிக்கும் இந்தப் பணவீக்க வீதம் இந்த மாத விலையைப் போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுகிறது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய அதே சாமான்கள் 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170. அந்த 170இன் மேல்தான் 2023 செப்டெம்பரின் 1.3 சதவீதம், ஆக சுமார் 172. சம்பளம் 72 சதவீதம் கூடாத குடும்பத்துக்கு இது நிம்மதியே இல்லை.

"பணவீக்கத்தால்தான் ரூபாய் விழுந்தது" என்பதும் பாதி உண்மைதான். அதுவரை சுமார் 200 ரூபாயில் பிடித்து வைத்திருந்த டொலர் விலையை 2022 மார்ச்சில் மத்திய வங்கி தளர்த்தியதும், மே மாதத்துக்குள் அது 360ஐத் தொட்டது. எரிபொருள், கோதுமை, மருந்து எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் அந்தச் சரிவு நேரே கடை விலையில் ஏறியது.