பல வேலை பார்த்தால் ஆழம் போய்விடுமா?
சிறு மேடைகளில் நடித்துக்கொண்டே பாட்டெழுதி, உடையும் தைக்கும் நடிகைக்கு எதிலும் ஆழம் வராது என்கிறது ஒரு கட்டுரை. எங்கள் குடியாத்தம் பக்கம் வந்து கூத்துக் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருந்தால் இப்படி எழுதத் தோன்றியிருக்காது. பாட்டு, ஆட்டம், வசனம் எல்லாம் ஒரே ஆள்தான்; அரிதாரம் பூசிக்கொள்வதும் அவரே. போன வைகாசியில் திரௌபதி வேடம் கட்டிய பெண், பகலில் பிளவுஸ் தைக்கிறவர். ராத்திரி பத்து மணிக்கு ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் மை, வாயில் பாட்டு. நடுவில் சலங்கைக் கயிறு அறுந்ததற்குத் தம்பிக்குத் திட்டு வேறு. விடியும்வரை குரல் கம்மவில்லை. பணத்துக்காகத்தான் பல வேலை என்று அந்தக் கட்டுரைக்கு வேறொரு வாசகர் எழுதியிருப்பது பாதி சரி, மழைக்காலத்தில் தையல் மெஷின்தான் சோறு போடுகிறது. ஆனால் அத்தனை ஆட்டத்திலும் அவர் புடவைக் கொசுவம் அவிழாமல் நின்றதே, அது தையல்காரியின் கை.