அரசியின் ஆடம்பரம் மட்டுமா காரணம்?

1789ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் புரட்சிக்கு அரசி மாரி அன்டோனெட்டின் ஆடம்பரமே முதற் காரணம் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. 1788இன் கணக்குகளின்படி அரண்மனைக்கும் அரச குடும்பத்துக்கும் ஆன செலவு மொத்தச் செலவில் பத்திலொன்றுக்கும் குறைவு. அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதால் பெருகிய கடனின் வட்டியும் தவணையுமோ ஏறத்தாழப் பாதியை விழுங்கின.

அந்தச் சுமையை யார் தலையில் ஏற்றுவது என்பதே உண்மையான சிக்கல். பிரபுக்களும் திருச்சபையும் முதன்மையான நேர்வரியிலிருந்து விலக்குப் பெற்றிருக்க, குடியானவர்கள் அரசனுக்கு வரியும், திருச்சபைக்கு விளைச்சலில் ஒரு பங்கும், நிலப்பிரபுவுக்குப் பழைய கட்டணங்களும், போதாக்குறைக்கு உப்பு வரியும் செலுத்தினர். நிதியமைச்சர் கலோன் எல்லா நிலங்களுக்கும் பொதுவான வரியொன்றை முன்மொழிந்தபோது, பிரபுக்களும் திருச்சபைத் தலைவர்களும் நிறைந்த, 1787இல் கூடிய பிரமுகர் சபை அதற்கு இணங்கவில்லை. இறுதியில், 1614க்குப் பின் கூட்டப்படாதிருந்த மூன்று வகுப்பாரின் (திருச்சபையினர், பிரபுக்கள், பொதுமக்கள்) சபையை அரசன் 16ஆம் லூயி அழைக்க நேர்ந்தது.

இதற்கிடையே, இங்கிலாந்துடனான 1786ஆம் ஆண்டு வணிக உடன்படிக்கையால் மலிவான துணிகள் வந்து குவிந்து, நோர்மண்டி நெசவாளர்கள் தொழில் இழந்தனர். 1788இல் ஆலங்கட்டி மழையால் பயிர் அழிந்தது. பாரிஸில் பாண் விலை உச்சத்தைத் தொட்டதும் பஸ்டில் சிறைக்கோட்டை தாக்கப்பட்டுப் புரட்சி வெடித்ததும் 1789இல் ஒரே மாதத்தில், யூலையில்தான். ஆயினும் பாணைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.