ஒரு இஞ்ச் போதும்

பழைய காருக்கு வீல் மாற்றப் போகிறேன், என்ன சைஸ் போடலாம் என்று யார் கேட்டாலும் என் பதில் ஒன்றுதான். கம்பெனி கொடுத்ததைவிட ஒரு இஞ்ச் மேலே போங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சம் இருக்கிற உழைப்பையும் காசையும் துருவுக்கும் பெயிண்டுக்கும் வையுங்கள். இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது. அவர்கள் மனதில் 17 இஞ்ச் வீல் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 1990-களில் வந்த சின்ன செடான். கம்பெனியிலிருந்து வந்தது 13 இஞ்ச் இரும்பு ரிம், 175/70 ஆர்13 டயர். அந்த எண்ணிலேயே எல்லாம் இருக்கிறது. டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 122.5. மேலும் கீழும் சேர்த்து 245. ரிம் 13 இஞ்ச் என்றால் 330.2. கூட்டினால் முழு விட்டம் 575 மில்லிமீட்டர். ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், மட்கார்டுக்குள் இருக்கும் இடம் எல்லாமே இந்த 575-ஐ நம்பித்தான் அமைந்திருக்கின்றன.

இப்போது 14 இஞ்சுக்கு வருவோம். 185/60 ஆர்14 போட்டால் முழு விட்டம் 577.6. வித்தியாசம் இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை, வண்டிக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ரப்பர் கொஞ்சம் குறைந்து உலோகம் கொஞ்சம் கூடி, வண்டி நிமிர்ந்து நிற்பதுபோல ஆகிவிடும். இதே இடத்தில் 205/45 ஆர்17 போட்டால் விட்டம் 616. ஏழு சதவீதம் கூடுதல். ஸ்பீடோமீட்டரில் 80 என்று முள் நிற்கும்போது கணக்குப்படி வண்டி 85-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் டயர் உள்ளே உரசும். உரசாமல் இருக்க மட்கார்டின் உள் மடிப்பைத் தட்டி மடக்குவார்கள். அந்த மடிப்பில்தான் இரண்டு தகடுகள் சேர்கின்றன. அங்கே பெயிண்ட் விரிசல் விட்டால் துருவுக்கு நாமே கதவைத் திறந்து வைத்த மாதிரிதான்.

டயர்க் கடைக்காரர் இதற்கெல்லாம் ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்பார். ஆகும். எடையும் கூடும். சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. அது கூடினால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர் கூடுதலாக உழைக்க வேண்டும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கிற, இருபத்தைந்து வருஷம் ஓடிய ரப்பர் புஷ்களும் பால் ஜாயின்ட்களும் அந்த அடியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1959-இல் வந்த மினிக்கு 10 இஞ்ச் சக்கரம்தான். போர்ஷே 911 எஸ்-க்கு 1966-இல் வந்த ஃபுக்ஸ் அலாய் வீலை இன்றைக்கும் உலகமே ரசிக்கிறது. அதன் அளவு 15 இஞ்ச், அகலம் வெறும் நாலரை இஞ்ச். அந்த உடம்புக்கு அந்தச் சக்கரம் பொருந்தியிருந்தது, அதுதான் விஷயம். பழைய காரின் கண்ணாடி பெரிசு, தூண்கள் மெலிசு, கதவு உயரம் குறைவு. அந்த உடம்பின் கீழே பெரிய சக்கரம் வந்தால் மேல்பாதி பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது. இது என் ரசனைதான், ஆனால் ஆயிரம் போட்டோ பார்த்து வந்த ரசனை.

சரி, சைஸ் முடிவாகிவிட்டது என்றால் வேலை முடிந்ததா? இல்லை. நான் சறுக்கியது அடுத்த படியில்தான். பழைய அலாய் செட் ஒன்று கிடைத்தது, எட்டு ஸ்போக், எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. விற்றவர் ‘நாலு ஓட்டைதானே, அப்படியே ஏறும்’ என்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து ஜாக் வைத்து மாட்டினேன். முதல் நட் கையாலேயே சுழன்று ஏறியது. அதற்கு நேர் எதிரே இருந்த நட் பாதியில் இறுகியது. ஸ்பேனர் போட்டு அழுத்தினால் ஏறியிருக்கும். ஆனால் கைக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. கழற்றி, ஒரு ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை வெர்னியர் வைத்து அளந்தேன். 98 மில்லிமீட்டர். ஓட்டைகளின் மையங்கள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தைத்தான் பி.சி.டி. என்பார்கள். என் வண்டியின் பி.சி.டி. 4×100, அதாவது நாலு ஓட்டை, 100 மில்லிமீட்டர். நட் ஏறுகிற ஒவ்வொரு ஸ்டட்டுக்கும் (வண்டியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் திருகுக் கம்பி) ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதனால்தான் ஏறுகிற மாதிரி ஏமாற்றுகிறது. முறுக்கி ஏற்றியிருந்தால் ஸ்டட் எப்போதும் வளைந்த நிலையிலேயே இழுபட்டுக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட நட் ஓட ஓடத் தளரும், இல்லையென்றால் ஸ்டட்டே உடையும். ஆசைப்பட்டு வாங்கிய அந்த வீல்களை அன்றைக்கே மூட்டை கட்டினேன்.

அதற்குப் பிறகு எந்த வீலைப் பார்த்தாலும் நான் அளக்காமல் வாங்குவதில்லை. பி.சி.டி. சரியாக இருந்தால் அடுத்தது ஆஃப்செட், ரிம்மின் உட்பக்கம் ஈ.டி. என்று பொறித்திருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீல் மாட்டும் நடுப்பாகம்) உட்காரும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. எண் குறையக் குறைய வீல் வெளியே வரும். என் இரும்பு ரிம் 5 இஞ்ச் அகலம், ஈ.டி. 45. இப்போது போட்டிருப்பது 6 இஞ்ச் அகலம், ஈ.டி. 38. கணக்குப் போட்டால் வெளி விளிம்பு ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் வெளியே வரும், உள் விளிம்பு 6 மில்லிமீட்டர் உள்ளே போகும். வெளியே 20 வருமா, உள்ளே 6-க்கு இடம் இருக்கிறதா? வாங்குவதற்கு முன்பே ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடலாம். சந்தேகம் இருந்தால் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மட்கார்டின் உள்ளே உரசக்கூடிய இடங்களில் உருட்டி ஒட்டிவிட்டு, பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறதோ, அதுதான் பதில்.

வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கென்று வளையம் கிடைக்கும், ஹப்பின் அளவுக்குச் சரியானதை வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், பேலன்சிங் பார்த்தே அலுத்துப் போவீர்கள். நட்டின் முனை கூம்பா, உருண்டையா என்பதும் முக்கியம். வீலில் இருக்கும் குழியின் வடிவமும் நட்டின் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்டெப்னி பழைய இரும்பு ரிம்மாகவே இருந்தால் அதற்கான பழைய நட்டுகளை ஒரு பையில் போட்டு டிக்கியிலேயே வைத்துவிடுங்கள். புது வீல் மாட்டி 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்கு மறுபடி ஒருமுறை பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் கால் சுற்றாவது ஏறியிருக்கிறது.

இனி வெளித்தோற்றம். இங்கேதான் பாடி கிட், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் அலங்கார ஃபைபர் பாகங்கள், என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கதவுக்குக் கீழே வரும் ஃபைபர் ஸ்கர்ட்டைப் பொருத்தத் தகட்டில் ஸ்குரூ போடுகிறார்கள். ஒவ்வொரு ஸ்குரூ ஓட்டையும் பெயிண்டை உடைத்துக்கொண்டு போகிறது. அந்த ஃபைபருக்குப் பின்னால் மண்ணும் ஈரமும் சேர்ந்து தங்கும். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அடித்தகடு சத்தமில்லாமல் அரிபட்டுக்கொண்டிருக்கும்.

நான் முதலில் செய்தது கதவுகளின் அடியில் படுத்துப் பார்த்தது. ஒவ்வொரு கதவின் கீழ் விளிம்பிலும் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடியில் வழியும் தண்ணீர் ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும், அதற்கான வழி அது. என் வண்டியில் இடது பின்கதவின் ஓட்டையை மெல்லிய கம்பியால் குத்தினேன். முதலில் காய்ந்த மண் உதிர்ந்தது, அப்புறம் இலைச் சக்கை, கடைசியில் காப்பி நிறத்தில் தண்ணீர் ஒழுகி நின்றது. வண்டி கழுவி அதற்குள் ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தக் கதவின் கீழ் விளிம்பு ஏன் உப்பிக் கிடந்தது என்று அந்த நிமிஷம் புரிந்தது.

உப்பிய பெயிண்டைச் சுரண்டி, 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து வெள்ளைத் தகடு தெரியும் வரை தேய்க்க வேண்டும். துருவின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைத்து மூடுவது எவ்வளவு பெரிய தப்பு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். பாலியஸ்டர் பட்டி ஈரத்தைக் குடிக்கும். கீழே துரு மிச்சம் இருந்தால் அந்த ஈரத்திலேயே வளர்ந்து பட்டியைத் தூக்கிவிடும். சுத்தமான தகடு, அதன்மேல் எபாக்சி பிரைமர், பள்ளம் இருந்தால் மட்டும் மெல்லிசாகப் பட்டி, பிறகு மேல் பிரைமர். அதற்கப்புறம்தான் நிறத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். நிறத்துக்கு மேலே இரண்டு பாகம் கலந்து அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட்டின் ஹார்டனரில் (இறுக வைக்கும் பாகம்) ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடிய பொருள் அது, தூசிக்குப் போடும் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அந்தக் கட்டத்தை மட்டும் சரியான வசதி உள்ள பெயிண்டரிடம் விடுங்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

பெயிண்ட் முழுசாக மாற்ற வேண்டிய அவசியமே பல வண்டிகளுக்கு இருப்பதில்லை. சில பழைய கார்களில் கிளியர் கோட்டே கிடையாது, நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. வெயிலில் மேல்தோல் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். என் பானெட்டில் வெள்ளைத் துணியில் மெருகேற்றும் காம்பவுண்ட் கொஞ்சம் தொட்டு ஒரு சாண் இடத்தைத் தேய்த்துப் பார்த்தேன். துணி சிவந்தது, அந்த ஒரு சாண் மட்டும் ஈரமாக இருப்பதுபோல மின்னியது. பக்கத்தில் பழைய வெளுப்பு, நடுவில் அந்த ஆழமான சிவப்பு. அன்றைக்கு இருட்டும் வரை நான் எழுந்திருக்கவில்லை.

ஹெட்லைட் மங்கிப் போயிருந்தால் வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துத் தெளிவாக்கலாம். ஆனால் மேலே புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதங்களிலேயே மறுபடி மஞ்சளாகிவிடும். ஹாலோஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.ஈ.டி. பல்பை மாட்டாதீர்கள், எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும். எந்த மாற்றமாக இருந்தாலும் உங்கள் ஊர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய எதையும் நான் விற்கவில்லை. நாலு இரும்பு ரிம்மையும் வீல் கப்பையும் துடைத்து எண்ணெய் பூசி அட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன். இடது பின்கதவு இன்னும் சாம்பல் நிறப் பிரைமரில்தான் நிற்கிறது. காற்றில் ஈரம் குறையட்டும் என்று காத்திருக்கிறேன். அதுவரை வாரம் ஒருமுறை அந்த ஓட்டையில் கம்பியை விட்டுப் பார்க்கிறேன். இப்போது எதுவும் ஒழுகுவதில்லை.