கணக்கு நோட்டு காராங்குனிக்குப் போய்விட்டால் கண்ணாடிப் பெட்டிக்குள் எதை வைப்பது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை பெரியப்பாவைச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு 83 வயது. 1955இல் தாத்தாவோடு ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் வந்தவர். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மளிகைக் கடையில் பையனாகச் சேர்ந்து, அதே கடையில் நாற்பது வருடம் நின்றவர். முட்டி வலி வந்தபிறகு அந்தப் பக்கம் போவதே குறைந்துவிட்டது. கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் திறந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. 2015 மே மாதம் திறந்தார்கள். பெரியப்பா அதற்குள் ஒருமுறைகூடப் போனதில்லை. "அதெல்லாம் படிச்சவங்க பாக்குறது தம்பி" என்பார்.

உள்ளே ஒரு செட்டிநாட்டு வாசல்நிலை இருக்கிறது. போனவர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டீர்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, ஏறக்குறைய 5,000 சின்னச் சின்னச் செதுக்கல்கள். எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா மட்டும் கிட்டே போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "இந்த மாதிரி வாசல் வைக்கிற காசு எங்கேர்ந்து வந்துச்சு? கிட்டங்கிலேர்ந்து வந்துச்சு."

கிட்டங்கி தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்கள் லேவாதேவி நடத்திய நீளமான கூடங்கள் அவை. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒரு கடை என்றால் தரையில் ஒரு பாய், முன்னால் ஒரு பெட்டி, பின்னால் ஒரு அலமாரி, அவ்வளவுதான். பகலில் அங்கேயே தொழில், இரவில் அங்கேயே படுக்கை. ஊரிலிருந்து சின்ன வயதில் வந்த பெட்டியடிப் பையன் கணக்கு எழுதிப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக வருவான். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லா இனத்தாரும் அங்கே கடன் வாங்கித்தான் தொழில் தொடங்கினார்கள். 1970களின் நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இடிபட்டன. தேக்கு மரத்தில் செதுக்கிய வாசலைப் பார்த்ததும் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு அந்தப் பாயும் பெட்டியும்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன்.

"வியாபாரம் வேறு, பண்பாடு வேறு, கலந்தால் பண்பாடு மலிந்துவிடும்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். புலம்பெயர்ந்தவர்களின் வரலாற்றில் இந்தப் பேச்சு நிற்காது என்பது என் கருத்து. 1819இல், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் வந்த கப்பலில் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை இங்கே செங்கல் சூளை போட்டார், துணி விற்றார். தீ விபத்தில் கடை போய், கடன்பட்டு, திரும்ப எழுந்தார். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் 1827இல் எழுந்ததற்குப் பின்னால் இருப்பவர் அவர்தான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கோவிந்தசாமிப் பிள்ளை, பி.ஜி.பி. என்றால் இன்றும் பெரியவர்களுக்குத் தெரியும், மளிகையும் ஜவுளியும் விற்றுச் சம்பாதித்தவர். பெருமாள் கோயில் மண்டபத்தில் கல்யாணம் செய்துகொண்ட எத்தனையோ குடும்பங்கள் அவர் பெயரைத் தாங்கிய மண்டபத்தில்தான் செய்துகொண்டன. கோயில், மண்டபம், பள்ளிக்கூடம், பத்திரிகை என்று எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கல்லாப்பெட்டி இருக்கிறது.

இந்த வட்டாரமே ஒரு தொழிலால் உண்டானதுதான். இங்கே மாட்டுத் தொழில் நடந்தது. பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. மாடு இருந்ததால் பால்காரர் வந்தார், அவர்களுக்குச் சாமான் விற்கக் கடை வந்தது, கடைக்காரர்கள் கும்பிடக் கோயில் பெரிதானது, கோயிலுக்குப் பூ வேண்டியிருந்தது.

பூ என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிலையத்திலிருந்து வெளியே வந்து அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், நடக்கும்போது ஒரு பூக்கடையில் பெரியப்பா நின்றுவிட்டார். கட்டிக்கொண்டிருந்தவர் ஈர நூலை இடது கை விரலில் சுற்றியிருந்தார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் பூவில் இல்லை, வாடிக்கையாளரிடம் விலை பேசிக்கொண்டிருந்தது. கை தானாக ஓடியது. பக்கத்தில் பனிக்கட்டிப் பெட்டியில் விமானத்தில் வந்த மல்லிகை. நாங்கள் பத்து நிமிடம் நின்றோம். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சீன அம்மா வண்டிக்கு மாலை வாங்கிப் போனார், வேலை அனுமதியில் இருக்கும் இரண்டு தம்பிகள் அறையில் இருக்கும் முருகன் படத்துக்கு ஒரு முழம் வாங்கிப் போனார்கள். கட்டடத்துக்குள் நாங்கள் பார்த்த வரலாறு இங்கே இன்னும் முடியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஒரு தெருவில் குடியேறிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது என்றால், அந்தத் தெருவின் கடைகள் உயிரோடு இருப்பதும் அதன் பொறுப்பில் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். தேக்கா வட்டாரம் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதனால்தான் ஓடும் சன்னலும் தூண் வேலைப்பாடும் இன்றும் நிற்கின்றன, அதற்கு நன்றி. ஆனால் அந்த விதி கட்டடத்தைத்தான் காக்கிறது. உள்ளே இருக்கும் மசாலா அரைக்கும் மில்லையோ பாத்திரக் கடையையோ காப்பதில்லை. பெரியப்பா நின்ற கடை அப்படித்தான் போனது. முதலாளி காலமானபின் அவர் மகன் மூன்று வருடம் இழுத்துப் பார்த்தார். வாடகை ஏறியபோது கையை விரித்துவிட்டார். கட்டடம் அதே நீல நிறத்தில் அழகாக இருக்கிறது. கடைதான் இல்லை.

மூடிய அன்று அலமாரி, தராசு, முப்பது வருடக் கணக்கு நோட்டுகள் எல்லாவற்றையும் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போட்டார்கள். எவ்வளவு கிடைத்தது என்று கேட்டேன். "பதினெட்டு வெள்ளி" என்றார் பெரியப்பா. அந்த நோட்டுகளில் யார் எந்த மாதம் கடனில் அரிசி வாங்கினார்கள், எந்தத் தீபாவளிக்கு எத்தனை டின் நெய் போனது, எந்த வருடம் வாடிக்கையாளர்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கு மாறிப் போனார்கள் என்பது எல்லாம் இருந்திருக்கும். அதை இனி எந்த ஆய்வாளராலும் திரும்ப எழுத முடியாது.

அமெரிக்காவில் சியாட்டிலில் என் தங்கை இருக்கிறாள். அங்கே போனபோது விங் லூக் அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். 1962இல் சியாட்டில் நகர மன்றத்துக்குத் தேர்வான சீன அமெரிக்கரின் பெயர் அது. 1965இல் விமான விபத்தில் இறந்துபோனார். 1967இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகம், 2008இல் சீனர் குடியிருப்புக்குள்ளேயே ஒரு பழைய கட்டடத்துக்கு மாறியது. 1910இல் சீனக் குடியேறிகள் 170 பேர் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுக் கட்டிய கட்டடம் அது. கீழே கடைகள், மேலே கூலி வேலைக்கு வந்தவர்கள் தங்கிய சின்னச் சின்ன அறைகள். கீழே யிக் ஃபுங் என்ற இறக்குமதிக் கடையை அப்படியே வைத்திருக்கிறார்கள், அலமாரியும் சரக்கும் கல்லாவும் இருந்த இடத்திலேயே. கடைக்குள் நின்றபோது எனக்குப் பெரியப்பா கடை ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது.

அங்கே எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. கண்காட்சி எதைப் பற்றி, எப்படி என்பதை வட்டாரத்து மக்களைக் கூட்டி வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். வழிகாட்டிகள் நம்மைக் கட்டடத்தோடு விடுவதில்லை, தெருவுக்குக் கூட்டிப் போகிறார்கள். கடையின் கதையைக் கேட்டபிறகு அங்கே சாப்பிடாமல் எப்படி வருவது? வருகிறவரின் டிக்கெட் காசு அருங்காட்சியகத்துக்கு, சாப்பாட்டுக் காசு தெருவுக்கு.

எல்லா இடத்திலும் இது சுமுகமாக நடந்ததாகச் சொல்ல மாட்டேன். நியூயார்க்கில் 97 ஆர்ச்சர்ட் ஸ்திரீட்டில் உள்ள டெனமென்ட் அருங்காட்சியகம் அருமையான இடம். 1863இல் கட்டிய அந்த அடுக்குக் குடியிருப்பில் 1935 வரை சுமார் 7,000 பேர் வாழ்ந்திருக்கிறார்கள். அதே அருங்காட்சியகம் 2002 வாக்கில் விரிவாக்கத்துக்காகப் பக்கத்துக் கட்டடத்தை அரசு கட்டாயமாகக் கையகப்படுத்தித் தர வேண்டும் என்று கேட்டது. உரிமையாளர் எதிர்த்தார், அரசு அமைப்பும் மறுத்துவிட்டது. குடியேறிகளின் கதையைச் சொல்லும் இடமே அக்கம்பக்கத்தோடு மோதிக்கொண்டது எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு 2012இல் தங்கள் 97ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த கடைகளின் வரலாற்றையே ஒரு காட்சியாக அமைத்தார்கள். 1860களில் ஒரு ஜெர்மன் தம்பதி நடத்திய பியர் கடை அதில் இருக்கிறது. சரியான பக்கம் திரும்பினார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் அடித்தளம் நன்றாகவே இருக்கிறது. லிஷா என்று நாம் சுருக்கிச் சொல்லும் லிட்டில் இந்தியா கடைக்காரர்கள், மரபுடைமைச் சங்கத்தின் முழுப்பெயரிலேயே கடைக்காரர்களும் மரபுடைமையும் சேர்ந்துதான் வருகிறார்கள். தீபாவளி, பொங்கல் விளக்கு அலங்காரம் அவர்கள் உழைப்பு. பொங்கல் நாட்களில் கேம்பல் லேனில் கரும்பும் மண்பானையும் குவிந்து கிடக்க, பக்கத்திலேயே நிலையத்தில் பிள்ளைகளுக்குப் பொங்கலைப் பற்றிச் சொல்லித் தருகிறார்கள். அந்த இரண்டு வாரம் நடப்பது மற்ற ஐம்பது வாரமும் நடக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வந்தால் கடைசி அரை மணி நேரம் மசாலா மில்லிலோ பூக்கடையிலோ கழியட்டும். கடைக்காரருக்கு அந்த நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். அவர் தன் வேலையை நிறுத்திவிட்டுத்தானே பேசுகிறார். கூட்டம், விழா என்றால் பசியாற இதே தெருவிலிருந்து வாங்குங்கள். ஒரு கடை மூடப்போகிறது என்று தெரிந்தால் காராங்குனிக்காரருக்கு முன்னால் மரபுடைமைக்காரர் அங்கே போய் நிற்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அண்ணே, அக்கா, உங்கள் பரணில் இருப்பது குப்பை இல்லை. கைப்பட எழுதிய விலைப்பட்டியல், தேய்ந்த முத்திரை, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, தாத்தா எழுதிய கடன் நோட்டு, எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா தன் டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அடியில் ஒரு 555 நோட்டு இருந்தது. உள்ளங்கை அளவு, நம் தலைமுறை கடைகளில் கடன் எழுதிய அதே நோட்டு. எடைக்குப் போன அன்று இதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம்கூடச் சொன்னதில்லை. 1978ஆம் வருடத்துக் கணக்கு. பெயர்கள்கூட இல்லை. "பச்சைக் கதவு அக்கா, சீனி 2 கட்டி." (கட்டி என்பது அப்போதைய எடை அளவு.) "டாக்ஸி சிங், கோதுமை மாவு." "மாடி ஆச்சி, பாக்கி 4.30." சில வரிகளை அடித்துக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறது. ஆச்சியின் பாக்கி அடிக்கப்படவில்லை.

வரும் ஞாயிறு அவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக அவர் சொல்வதைப் பதிவு செய்யப்போகிறேன். பிறகு நோட்டையும் பதிவையும் நிலையத்துக்குக் கொடுக்கலாம் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, "குடுக்கலாம் தம்பி, ஆனா மாடி ஆச்சி கணக்கைத் தீத்து எழுதிட்டுக் குடுப்போம்" என்றார்.