போர்க்காலக் கோப்பை என்றால் இளப்பமா?
சிட்னி ரக்பி லீக் அணியான நியூட்டவுன் 1943-இல் கோப்பை வென்றதை, நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் போருக்குப் போயிருந்த காலம் என்று நான் படித்த ஒரு கட்டுரை லேசாகத் தள்ளிவிடுகிறது. சரி, ஆனால் அந்தக் கஷ்டம் எல்லா அணிக்கும்தானே? சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் இறுதி ஆட்டம் பார்க்க 60,922 பேர் திரண்டார்கள், அவர்கள் முன்னால் நியூட்டவுன்காரர்கள் நார்த் சிட்னி அணியை 34-7 என்று துவைத்து எடுத்தார்கள், அதுவும் ட்ரை (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) ஒன்றுக்கு மூன்றே புள்ளி கொடுத்த காலத்தில். நியூட்டவுனின் முன்வரிசையில் முட்டி மோதிய போலீஸ்காரர் ‘பம்பர்’ ஃபாரெலைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல் விட்டது எப்படி?

அதற்கப்புறம் முதல் தரத்தில், அதாவது முதன்மை அணிகள் மோதும் போட்டியில், நியூட்டவுனுக்குக் கோப்பையே இல்லை. 1981 இறுதியில் பாரமட்டா அணியிடம் தோற்றார்கள், 1983-உடன் லீக்கை விட்டே வெளியே. நார்த் சிட்னிக்கோ அதன்பின் ஒரு இறுதி ஆட்டம்கூட வாய்க்கவில்லை.